பச்சை இலைக்குள் மீன் சாறு: சுழல் சூஷி நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். டோக்கியோவின் எடோகாவா வார்டில், நிஷி-கசாய் நிலையத்தைச் சுற்றி வசிக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. தட்டுகள் சுழன்று வரும் உங்கள் சூஷிக் கடைகளுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் நாங்கள். எங்களில் சிலர் மீன் சாப்பிடுவோம், சிலர் தொடமாட்டோம். உட்காரும் மேசை மட்டும் ஒன்று.

சென்ற மாதம் உங்கள் ஆர்டர் திரையில் பச்சை இலைக் குறியோடு காய்கறி சூஷிக்கென்று தனிப் பகுதி வந்திருக்கிறது. வெள்ளரி மாகி (மாகி என்றால் கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு), இனாரி (தோஃபு உறைக்குள் சோறு), கன்ப்யோ மாகி, நாத்தோ (நொதித்த சோயா) மாகி, தக்குவான் (முள்ளங்கி ஊறுகாய்) மாகி, கத்தரிக்காய் நிகிரி (சோற்றுப் பிடியின் மேல் கத்தரிக்காய்), மிசோ (நொதித்த சோயா விழுது) சூப் என்று ஏழு அயிட்டங்கள். இதில் சைவக்காரர் ஓரளவு தைரியமாகக் கைவைக்கக்கூடியது வெள்ளரி மாகி ஒன்றைத்தான். மற்ற ஆறிலும் மீன் சாறு இருக்க நல்ல வாய்ப்புண்டு. இருக்கிறதா இல்லையா என்று சொல்லத்தான் திரையில் இடமில்லை.

இந்தியாவில் பாக்கெட் உணவின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம். அந்தக் குறியைப் பார்த்தே வளர்ந்தவர்கள், உங்கள் பச்சை இலையைப் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்காமல் பொத்தானை அழுத்துகிறார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு அயிட்டத்துக்குக் கீழேயும், அதில் சேரும் தாஷி என்ற அடிப்படைச் சாறு மீனில் எடுத்ததா, கடற்பாசியில் எடுத்ததா என்று ஒரு வரி போடுங்கள்.

மீன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் இலைக் குறியை ஒட்டியவர் சமையலறைப் பக்கம் போனவராகத் தெரியவில்லை. அவருக்காகச் சொல்கிறோம்.

இனாரியின் வெளித்தோல் பொரித்த தோஃபு. அது தாஷி, சோயா சாஸ், சர்க்கரை, மிரின் (இனிப்பான அரிசி மது) நான்கிலும் கொதித்து, அந்தச் சாற்றிலேயே ஆறி, பஞ்சு மாதிரி அத்தனையையும் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் தாஷி பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுத்தது. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவிய சீவல் அது. ராமநாதபுரத்திலும் இலங்கையிலும் தெரிந்த மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். கன்ப்யோ என்பது நம் சுரைக்காய்தான். தொச்சிகி மாவட்டத்தில் நாடா நாடாவாகச் சீவிக் காயவைக்கிறார்கள். காய் அப்பாவிதான், கொதிக்கும் சாறுதான் சந்தேகத்துக்குரியது. நாத்தோவில் பிரச்சினை சோயாவில் இல்லை, கூடவே வரும் சின்ன சாஸ் பொட்டலத்தில். அதன் பின்பக்கத்தைத் திருப்பினால் பெரும்பாலும் கட்சுவோ எக்ஸ்ட்ராக்ட் என்று இருக்கும்; கட்சுவோ என்பது அதே சூரை மீன். தக்குவானுக்கும் நிகிரி மேல் வைக்கும் கத்தரிக்காய் ஊறுகாய்க்கும் ஊறவைக்கும் கலவையில் அதே கதை. மிசோ சூப்பின் அடிப்படையே தாஷி, தனியாகச் சொல்லவே வேண்டாம். இத்தனையும் தாண்டி வெள்ளரி மாகியோடு ஒருவர் உட்கார்ந்தால், மேசையில் நிற்கிற குப்பி தாஷி சேர்த்த சோயா சாஸ்!

கடை ஊழியரைக் கேட்கலாமே என்பீர்கள். மீன் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வருகிறது. பொய் இல்லை அது. அவர் மனதில் மீன் என்றால் மீன் துண்டு. தாஷி என்பது தண்ணீர் மாதிரி எதிலும் இருக்கிற ஒன்று. சாம்பாரில் மாசித் தூளைக் கரைத்துவிட்டு, மீன் எங்கே மிதக்கிறது காட்டுங்கள் என்று கேட்கிற நிலைமை. விவரம் தெரிந்தவர்கள் "கட்சுவோ தாஷி ட்சுகத்தே இமாஸ் கா" (கட்சுவோ தாஷி சேர்க்கிறீர்களா) என்று குறிப்பாகக் கேட்கிறார்கள். அப்போது அந்தப் பகுதிநேரப் பிள்ளை உள்ளே ஓடி, மேலாளரைக் கேட்டு, அவர் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டு, கடைசியில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறது. குறை அந்தப் பிள்ளையிடம் இல்லை. இனாரியின் தோல் கடையில் வேகவில்லை, தொழிற்சாலையிலிருந்து உறையில் வெந்தே வருகிறது. அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் உங்களுக்குத் தெரியும். கடைகளுக்கு மொத்தமாக வரும் பதப்படுத்திய உணவுக்கும் மூலப்பொருள் விவரம் உண்டு. உறையிலோ கூட வரும் தாளிலோ இருக்கும். உறையைக் கிழித்துக் குப்பையில் போடும்போது அந்த வரியும் போய்விடுகிறது. நாங்கள் கேட்பது புதிய ஆராய்ச்சி அல்ல, குப்பைக்குப் போகிற அந்த வரியைத் திரையில் ஏற்றுங்கள் என்பதுதான்.

ஒவ்வாமைப் பட்டியல் இணையத்தில் இருக்கிறதே என்ற பதிலும் எங்களுக்கு வந்தது. பார்த்தோம். அது அரசு வகுத்த ஒவ்வாமைப் பொருள்களை வைத்துப் போட்ட அட்டவணை. கோதுமை, முட்டை, பால், இறால், நண்டு உண்டு. வால்நட் 2023இல் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தது. சால்மன், சபா (கானாங்கெளுத்தி), கணவாய் ஆகியவை பரிந்துரைப் பட்டியலில் உண்டு. கட்சுவோவும் மகுரோவும் (டூனா) எதிலும் இல்லை. அதனால் இனாரிக்கு நேரே கோதுமையிலும் சோயாவிலும் புள்ளி, மற்ற கட்டமெல்லாம் வெறுமை. தெரியாதவர் அதை மீன் இல்லை என்றே படிப்பார். மீன் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தாஷி ஒத்துக்கொள்ளவும் கூடும், ஒத்துக்கொள்ளாமலும் போகும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், உங்கள் வெற்றுக் கட்டம் முடிவு செய்யக் கூடாது.

திரையில் இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வசாபி வேண்டுமா வேண்டாமா என்று அது கேட்கிறது. சோற்றைப் பாதியாகக் குறைக்கவா என்று கேட்கிறது. நான்கு மொழி பேசுகிறது. தட்டுகள் சேர்ந்தால் கார்ட்டூன் ஓட்டிப் பொம்மை பரிசு தருகிறது. மனிதர் வயிற்றுக்குள் போகிற மீனைச் சொல்ல மட்டும் அதற்கு வாய் இல்லை. 2024இல் இந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சம் பேருக்கு மேல். அவர்களை வரவேற்கிறோம் என்று நிலையத்துக்கு நிலையம் சுவரொட்டி. சாப்பிட உட்கார்ந்தால் பாவம் வெள்ளரிக்காய். சைவ உணவுக்கும் வீகன் உணவுக்கும் ஜப்பான் அரசின் ஜாஸ் (JAS) தரம் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. உணவகங்களுக்கும் தனியாக உண்டு. அதைப் படித்துவிட்டு இலையை ஒட்டியிருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மீன் இல்லாத தாஷி இந்த மண்ணுக்கு அந்நியமும் அல்ல. கோயா மலைப் பௌத்த மடங்களின் ஷோஜின் என்ற சைவச் சமையல் கொம்புக் கடற்பாசியையும் ஷீட்டாகே காளானையும் வைத்தே நடக்கிறது. கொம்புவின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று வேதியியலாளர் இகெடா கிகுனாயே 1908இல் கண்டார். கட்சுவோபுஷி தரும் இனோசினேட் என்ற சுவைப் பொருளின் வேலையைக் காய்ந்த ஷீட்டாகேயில் உள்ள குவானிலேட் என்ற சுவைப் பொருள் செய்யும். ஆகவே சுவை கெட்டுவிடும் என்ற கவலை வேண்டாம்.

கணக்கும் எளிது. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் கொம்பு, நாலைந்து காய்ந்த ஷீட்டாகே போட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் காளானின் சுவை சரியாக இறங்காது. பொரித்த தோஃபு 10 தாளைப் பாதியாக வெட்டி, கொதிநீர் ஊற்றி எண்ணெயைப் போக்குங்கள்; இதை விட்டால் தோல் சாற்றைக் குடிக்காது. அந்தத் தாஷியில் 400 மில்லி, சர்க்கரை 5 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 4, மிரின் 2. உள்மூடி போட்டுச் சிறுதீயில் கால்மணி நேரம். தீ கூடினால் தோல் கிழியும். சாறு வற்றி வரும்போது இறக்கி, அதிலேயே ஆறவிடுங்கள். இருபது இனாரிக்குத் தோல் தயார்.

இதைச் செய்தே ஆக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கட்சுவோ போட்டே செய்யுங்கள். எங்களில் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், போதும்.

தாஷி எதில் எடுத்தது என்ற அந்த ஒரு வரி திரைக்கு வரும்வரை, இனாரி முதல் மிசோ சூப் வரை ஆறிலிருந்தும் இலைக் குறியை எடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். கேட்கிற மேசைக்குச் சாதாரண சோயா சாஸ் பொட்டலம் இரண்டு கொடுக்கும்படி கடைகளுக்குச் சொல்லிவைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நிஷி-கசாய் வட்டாரத் தமிழ் வாடிக்கையாளர்கள் சிலர்