பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

புளியங்குடி
ஜூன் 14

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆச்சிக்குக் கண் முன்னைக்கு இப்போது தேவலை. போனில் பேசினால் ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை ‘சரிப்பா, சரிப்பா’ என்கிறாய். நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். மண்டியில் மத்தியானத்துக்கு மேல் லோடு கிடையாது, பேரேட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. தம்பியிடம் கொடுத்தால் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவான்.

முதலில் கையுறை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசினபோது இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது. அம்மா கவனிக்கவில்லை. கமலா ஆரஞ்சைப் பிடுங்கக் கூடாது, கத்தரியால் காம்பை ஒட்ட நறுக்க வேண்டும், காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் தொட்டியில் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும் என்று நீ சொன்னாய். முப்பது வருஷமாக எலுமிச்சை மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது தெரியாதா? ஒரு பழம் அழுகினால் மூட்டையே போச்சு. ஆனால் நீ சொன்ன விதம், ஏதோ எனக்குப் பாடம் எடுப்பது மாதிரி, எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் மண்டியில் நாலு பேரிடம் சொன்னேன். ஒருத்தர், ‘இங்கே எலுமிச்சைத் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத பிள்ளை, ஆஸ்திரேலியாவில் போய் ஏணி ஏறுகிறதா’ என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

நீ பழம் பறிக்கும் கெய்ண்டாவில் இப்போது குளிர்காலம் என்று தம்பி சொன்னான். காலையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போ. புல்லுக்குள் காலை வைக்கும்போது பார்த்து வை. நீ தங்கியிருக்கும் இடத்தில் புகை அலாரம் வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார். ஜன்னல் முழுதாகத் திறக்கிறதா என்றும் பார். சில்டர்ஸ் என்ற ஊரில் 2000-ம் வருஷம் ஜூன் மாதம் ஒரு விடுதி எரிந்து 15 பேர் இறந்துபோனார்கள். எல்லாம் வெளியூரிலிருந்து ஊர் சுற்றவும் பழம் பறிக்கவும் போன இளம்பிள்ளைகள். அந்த ஊரும் உன் குயின்ஸ்லாந்தில்தான் இருக்கிறது. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

சம்பளச் சீட்டை அனுப்பியிருந்தாய், பார்த்தேன். முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி. 45,000 டாலர் வரை அப்படித்தான் என்றால் சரி. ஆனால் ஓய்வூதிய நிதி என்று உன் பேரில் முதலாளி கட்டுகிறாரே, ஊருக்குக் கிளம்பும்போது அதை எடுத்தால் 65 சதவீதம் வரியாமே! இது எந்த ஊர் நியாயம்? நீ சட்டம் படித்த பிறகு முதல் கேஸாக இதைப் போடு. தொட்டிக் கணக்கில் கூலி கொடுத்தாலும் மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2022-ல் அங்கே விதி வந்திருக்கிறது. எத்தனை தொட்டி நிரப்பினாய், எத்தனை மணி நேரம் நின்றாய் என்று நீயே ஒரு நோட்டில் எழுதி வை. அவர்கள் எழுதுவதை நம்பாதே. கணக்குப்பிள்ளை சொல்கிறேன்.

சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பம் ஆன்லைனில் வந்துவிட்டது. மூணு வருஷப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு எதுவும் இல்லை, டிகிரி மார்க்கை வைத்துத்தான் சீட்டு. உன் மார்க்குக்குத் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி நிச்சயம் கிடைக்கும். சென்னை கிடைத்தாலும் கிடைக்கும். உன் மார்க் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறேன். கையுறை மறந்துவிடாதே.

நீ நீதிபதி ஆக வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் சொன்னாய். நான் சொல்லவில்லை, நீதான் சொன்னாய். நீ கிளம்புவதற்கு ரெண்டு மாதம் முன்னால், 2025 மே 20-ம் தேதி, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது ஞாபகம் இருக்கிறதா? மூணு வருஷம் வக்கீலாக இருந்திருந்தால்தான் சிவில் நீதிபதி பரீட்சை எழுத முடியும். படிப்பு மூணு, கோர்ட் மூணு, ஆக ஆறு. அன்றைக்கு நீதான் விரலை மடக்கிக் காட்டி, ‘ஒரு வருஷம் போய்ட்டு வந்தா ஏழுப்பா, பரவாயில்ல’ என்றாய். ஏழுக்குத்தான் நான் சம்மதித்தேன்.

இதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு வருஷம் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்கிற அந்த ஆஸ்திரேலிய விசா, இந்தியா முழுக்க ஆயிரம் பேருக்குத்தான். 2024 அக்டோபரில் 25 டாலர் கட்டிக் குலுக்கலில் பேர் போட்டபோது, விழுந்தால் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். விழுந்தது. அந்த ஆயிரத்தில் ஒரு பேர் நம் வீட்டுப் பேர் என்று எனக்கு இன்றைக்கும் பெருமைதான். யாரையும் பிடிக்காமல், ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காமல், நீயே உட்கார்ந்து தேடி மெல்போர்னில் காபிக் கடை வேலை வாங்கினாய். ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்று அடுத்த கடைக்கு மாறினாய். அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது கடையில் மூணு மாதம்கூட ஆகவில்லை. கை நிறைய டிப்ஸ் வருகிறது, தோசைக்கடை நடந்துபோகிற தூரம் என்றாய். அதை விட்டுவிட்டு ஏப்ரலில் எதற்குத் தோட்டத்துக்குப் போனாய் என்று அம்மா ரெண்டு தடவை கேட்டாள். இடம் மாறிப் பார்க்கிறது பிள்ளை என்று நான்தான் சொல்லிவைத்தேன்.

போன ஞாயிறு நீ கட்டிலில் சாய்ந்து பேசினபோது, உன் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, கட்டுக் கட்டாக. மண்டியில் மூட்டை இறங்கும்போது நான் போடுகிற அதே கோடு. சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து நீயும் போடுவாய். ஒன்பது கட்டு, மேலே ரெண்டு. 47. நீ தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் எண்ணிவிட்டேன். என்ன கணக்கு என்று கேட்கவில்லை.

தம்பி விவரம் இல்லாமல் ஒருநாள் சொன்னான், 88 நாள் தோட்ட வேலை செய்தால் இன்னொரு வருஷம் விசா கேட்கலாம் என்று. அன்று ராத்திரி காலண்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன். மிச்சம் 41. ஜூலை 18-ல் முடியும். உன் விசா 24 வரை. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறாய்.

இரு என்றோ வா என்றோ சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். எழுத எழுத, எதைச் சொல்லவும் எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை.

விசாவுக்கு 5,000 டாலர் கையிருப்பு காட்ட அம்மாவின் ஏழு பவுன் சங்கிலியை அடகு வைத்தோம். டிசம்பரில் நீ 3,10,000 ரூபாய் அனுப்பினாய். முதலில் சங்கிலியைத் திருப்புங்கள், மிச்சம் என் காலேஜுக்கு என்று எழுதியிருந்தாய். திருப்பியாச்சா என்று நீ கேட்டபோது நான் ‘ம்’ என்றேன். பொங்கலுக்கு வீடியோவில் அம்மா கழுத்தில் சங்கிலியைப் பார்த்து, ‘ஹை, வந்துருச்சு’ என்று நீ கை தட்டினாய். அது கவரிங், பாப்பா. தென்காசியில் நான்தான் வாங்கி வந்தேன். போன் வருகிற நேரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான். அன்றைக்குப் பேசி முடித்ததும் அதைக் கழற்றி அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, அம்மா என்னிடம் ரெண்டு நாள் பேசவில்லை.

உன் காதுகுத்துக்குப் பந்தி பரிமாறினாரே, சங்கரன்கோவில் ரோட்டுக்காரர். அவர் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெறும் சாட்சிக் கையெழுத்து என்றார், கடையில் டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டேன். எத்தனை பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை. நவம்பரில் அவர் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டார். நோட்டீஸ் என் பேருக்கு, மண்டி விலாசத்துக்கே வந்தது. வட்டியோடு 2,85,000. முதலாளிக்குத் தெரிந்தால் முப்பது வருஷ வேலை போய்விடும் என்று பயந்து உன் பணத்தை எடுத்துக் கட்டினேன். மிச்சம் இருந்ததை அடகு வட்டிக்குக் கட்டி, சங்கிலியை மறுபடி ஒரு வருஷத்துக்கு மாற்றி வைத்தேன். ஊரார் பழத்துக்கெல்லாம் பைசா பிசகாமல் கணக்கு எழுதுகிறவன், சட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்கு அப்பன், ஒரு தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

இது உனக்கு எப்படியோ தெரிந்துபோய்த்தான் இன்னொரு வருஷத்துக்குக் கோடு போடுகிறாயோ என்று ஒரு நினைப்பு வந்தது. தம்பிக்குத் தெரியாது. அம்மா சொல்ல மாட்டாள். இருந்தாலும் கவரிங் வெளிச்சத்தில் வேறு மாதிரிதான் மின்னும், நீ கண் கூர்மையான பிள்ளை. அப்படியென்றால் அதை நிறுத்து. சங்கிலியை நான் திருப்புகிறேன், அது என் கடன். தினமும் சாயங்காலம் பக்கத்து மளிகை மொத்தக்கடைக்கும் கணக்கு எழுத ஒத்துக்கொண்டிருக்கிறேன், மாதம் 6,000 தருவார்கள். திருநெல்வேலி அரசுக் கல்லூரிக்கு நம்மால் கட்ட முடியும்.

அது இல்லாமல், உனக்கே அந்த ஊர் பிடித்துப்போய் இருக்க நினைத்தால், அதை என்னிடம் வாயைத் திறந்து சொல். தாளில் கோடு போட்டு எனக்குக் காட்டாதே. நான் கோபப்படுவேன். அப்புறம் கேட்டுக்கொள்வேன்.

இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. நானே படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கலங்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படி.

விண்ணப்பத்துக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாய், ஓடிபி எனக்குத்தான் வரும். அங்கே உனக்கு விடியும்போது இங்கே நடுராத்திரி என்று யோசிக்காதே. போனை அணைக்காமல் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்
அப்பா

விரல் ஆறும்வரை ஏணி ஏற வேண்டாம், கீழ்க்கிளைப் பழத்தை மட்டும் நறுக்கு. கையுறை.