கண்ணை மூடச் சொல்லாதே

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மழை விடவில்லை, வாவித் தண்ணீர் படலைவரை வந்துவிட்டது. முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகுதான் முற்றம் தெரிகிறது. கதிரையை வெளியே போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

"மாமி, 2004இல் சுனாமி வந்த அந்தக் காலையில் உங்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ் தெரிந்திருந்தால் உதவியிருக்குமா?" என்று, நீ வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அந்தக் கவனப் பயிற்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் கேள்வி வரும் என்று முதலில் கோபம் வந்தது. நீயும் அந்த அலையில் தப்பிய பிள்ளைதானே என்ற நினைப்பு வந்ததும் கோபம் போய்விட்டது.

முதலில் ஒரு சிணுக்கம். உன் வகுப்புக் கையேட்டில் மைண்ட்ஃபுல்னஸுக்கு 'மனநிறைவு' என்று போட்டிருக்கிறாய். மனநிறைவு வயிறாரச் சாப்பிட்டு வெற்றிலை போட்டவனுக்கு வருவது. பௌத்த நூல்களின் பாளி மொழியில் இதற்குப் பெயர் 'சதி'. தமிழ்க் காதுக்கு அது வில்லங்கமாக விழுந்தாலும், வடமொழியில் ஸ்மிருதி என்கிற அதே சொல்தான். நினைவு, மறவாமை என்பது அதன் அடிப்பொருள். இதை ஒரு பக்கம் எடுத்துவை, பின்னால் தேவைப்படும்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். நான் ஆஸ்பத்திரியில் காலைக் கடமையில் இருந்தேன். ஒன்பது மணியை ஒட்டிக் கடல் வந்தது. கொஞ்ச நேரத்தில் விடுதியில் கட்டில் இல்லை, தரையிலும் இடமில்லை. வாயிலும் மூக்கிலும் மண் அடைந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "நாவலடியில் ஒன்றும் மிச்சமில்லை" என்று யாரோ சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனார். உங்கள் வீடு கடலோரத்து நாவலடியில். உன் அப்பா, அம்மா, ஆறு வயது நீ.

நான் சேலைன் துளி எண்ணினேன். ஒரு லீட்டர் எட்டு மணித்தியாலத்தில் ஏற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 42 துளி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கால் நிமிடம் எண்ணினால் பத்து, பதினொன்று வர வேண்டும். கூடினால் சக்கரத்தை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும். பிறகு அடுத்த கட்டில். இடையில் நாவலடி என்ற சொல் தலைக்குள் வரும், எண்ணிக்கை தவறும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூட முகாமில் உங்கள் மூவரையும் கண்ட பிறகுதான் என் கால்கள் மடிந்தன.

மூச்சைத் தவறவிட்டால் திட்டாமல் மூச்சுக்கே திரும்பு என்று நீ வகுப்பில் சொல்வாயே, நான் செய்ததும் அதுதான். ஆனால் அமைதி என்று ஒன்று எனக்குள் இருக்கவே இல்லை. கை நடுங்கிக்கொண்டேதான் எண்ணினேன். உன் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அமைதி, அமைதி என்று இருக்கிறது. அமைதி வரவில்லையே, நமக்கு இது கைகூடாது என்று யாராவது எழுந்து போய்விடப் போகிறார்கள்.

அலைக்குள் அகப்பட்டவர் கதை வேறு. உன் அப்பாவிடம் கேட்டுப் பார். தென்னையைப் பிடித்தது தன் கை என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் தியானத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

தாய்லாந்துக் குகையைப் பற்றியும் எழுதியிருந்தாய். 2018 ஜூன் 23இல் உள்ளே போய் வெள்ளத்தில் அகப்பட்ட 12 பையன்களையும் ஜூலை 2இல்தான் சுழியோடிகள் கண்டார்கள். அவர்களோடு அகப்பட்டிருந்த, முன்னாள் பிக்குவான உதைபந்தாட்டப் பயிற்சியாளர் அந்த இருட்டில் அவர்களுக்குத் தியானம் பழக்கினார். நல்ல கதைதான். மீதியையும் சொல், இல்லாவிட்டால் அது தாதிகளுக்குச் செய்யும் துரோகம்! நீருக்குள்ளால் வெளியே கொண்டுவரும்போது, ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற அவுஸ்திரேலிய மயக்க மருந்து வைத்தியர் கெட்டமின் ஊசி போட்டு அந்தப் பிள்ளைகளை மயக்கித்தான் அனுப்பினார். காத்திருந்த நாட்களுக்குத் தியானம் கைகொடுத்தது. அந்தப் பயணத்தில் பிள்ளை விழித்திருப்பதே ஆபத்து.

2005இன் தொடக்கத்தில், முகாமொன்றுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒருவர், எல்லோரையும் கண்ணை மூடவைத்துக் கசெற்றில் அலைச் சத்தம் போட்டார். நல்லெண்ணத்தில்தான். முன்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து ஓடிக் கதவில் மோதி விழுந்தாள். கண்ணை மூடினால் அவளுக்கு வேறு என்ன வரும்? நம் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போருக்கு நடுவிலேயே, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிவந்து களிமண்ணும் சாயமும் கொடுத்தார்கள். கண் திறந்திருக்கும், கை மண்ணுக்குள் இருக்கும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பார்.

இனி அந்தச் 'சதி'க்கு வருவோம். 1990 செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். யாரும் வீடு திரும்பவில்லை. அந்தக் காலத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எங்கள் கிளினிக்குக்குப் பிரஷர் மருந்துக்கு வருவார். சோறு போட்டால் முதல் பிடியை மகனுக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாராம். "நடந்ததை விடுங்கள், இந்தக் கணத்தில் இருங்கள்" என்று அவரிடம் சொல்லிப் பார். மகனை மற என்றுதான் அவருக்குக் கேட்கும். அந்தப் பிடிச் சோற்றை வைக்கும் நேரம் அவர் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்பதை நாம்தான் அவரிடம் படிக்க வேண்டும்.

பட்ட வலி முதல் அம்பு, அதை நினைத்துக் குமைவது இரண்டாவது அம்பு, அந்த இரண்டாவது அம்பை நாமே எய்துகொள்கிறோம் என்று புத்தர் சொன்னதையும் எடுத்துக் காட்டியிருக்கிறாய். சரிதான். முதல் அம்பே இன்னும் வந்துகொண்டிருக்கும் வீட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டாதே.

அடுத்த மாதம் திருக்கோவிலில் வகுப்பு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். மண்டபக் கதவைச் சாத்தாதே. தேத்தண்ணீரை முதலிலேயே கொடு. கதிரைகளை மட்டும் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டுவிடாதே, மகள். கடலைப் பார்க்க முடிந்தால்தான் அவர்கள் உட்காருவார்கள்.

அன்புடன்,
மாமி
கல்லடி