எலிசபெத் அம்மாவுக்கு, அந்தப் பெஞ்சைப் பற்றி

அன்புள்ள எலிசபெத் எக்ஃபோர்ட் அம்மாவுக்கு,

வணக்கம். உங்களிடம் பேச வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் புகைப்படத்தில்தான் தொடங்குவார்கள். 1957 செப்டம்பர் 4, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரம். வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த சென்ட்ரல் ஹை என்ற உயர்நிலைப் பள்ளிக்குக் கறுப்பினப் பெண்ணான நீங்கள் போன நாள். நீங்களே தைத்த உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, மார்போடு அணைத்த நோட்டுப் புத்தகம். பின்னால் கத்திக்கொண்டே வரும் வெள்ளையர் கூட்டம். உங்களுக்கு அப்போது பதினைந்து வயது.

நான் எழுத நினைப்பது அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி. நானும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள்தான். பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுத ஐந்து நிமிடம் போதும். அந்தப் பிள்ளை 'எங்கள் ஸ்கூல்' என்று வாய் நிறையச் சொல்வதற்குச் சில சமயம் வருடக்கணக்காகிறது. சில பிள்ளைகள் கடைசி வரை சொல்வதே இல்லை. அந்த இடைவெளியை யோசிக்கும்போதெல்லாம் சென்ட்ரல் ஹைதான் நினைவுக்கு வருகிறது. உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களுக்கே சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

1927-இல் திறந்தபோது அதன் பெயர் லிட்டில் ராக் சீனியர் ஹை ஸ்கூல். செலவு 15 லட்சம் டாலர். அமெரிக்காவிலேயே அழகான உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் பாராட்டினார்கள். வாசலுக்கு மேலே நான்கு சிலைகள்: லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். ஊரின் பொதுப் பள்ளி, ஆனால் வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும். இரண்டு வருடம் கழித்து, 1929-இல், கறுப்பினப் பிள்ளைகளுக்கு டன்பார் உயர்நிலைப் பள்ளி வந்தது. அதற்குச் செலவு 4 லட்சம் டாலர், அதிலும் ஒரு பங்கு ரோசன்வால்ட் அறக்கட்டளை கொடுத்தது. வாய்ப்பு என்று சிலை வைத்த வாசலுக்குள் ஊரின் கறுப்பினப் பிள்ளைகள் நுழைய முடியாது என்பது முப்பது வருடம் யாரையும் உறுத்தவில்லை என்று நான் நம்பவில்லை. உறுத்தியவர்கள் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

1954-இல் உச்ச நீதிமன்றம் இனம் பிரித்து நடத்தும் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மூன்று வருடம் கழித்து நீங்கள் ஒன்பது பேர் சென்ட்ரலுக்குத் தேர்வானீர்கள். அன்று காலை மற்றவர்களை ஓரிடத்தில் கூடச் சொல்லியிருந்தார்கள். உங்கள் வீட்டில் டெலிபோன் இல்லாததால் அந்தத் தகவல் வந்து சேரவில்லை. எத்தனையோ பெரிய காரணங்கள் பேசப்படுகிற ஒரு நாளில், நீங்கள் தனியாகப் போனதற்குக் காரணம் இவ்வளவு சின்னது. பஸ்ஸில் போய் இறங்கினீர்கள். ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் நிறுத்தியிருந்த தேசியக் காவல் படையினர் வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழிவிட்டு, உங்களை மறித்தார்கள். திரும்பி நடந்து, பார்க் தெருவும் 16-ஆம் தெருவும் சேரும் முனையில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். பெஞ்சமின் ஃபைன் என்ற நிருபர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்கள் அழுவதை அவர்கள் பார்க்கக் கூடாது என்றார். கிரேஸ் லார்ச் என்ற வெள்ளைப் பெண்மணி கூட்டத்தை அதட்டிவிட்டு உங்களோடு பஸ் ஏறினார். அவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் எதிரே நிற்க, உங்களுக்கு அன்று கிடைத்த இடம் அந்தப் பெஞ்சு மட்டும்தான்.

செப்டம்பர் 25-ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அனுப்பிய ராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் படைப் பிரிவு வீரர்கள் சூழ, முன்வாசல் வழியாகவே உள்ளே போனீர்கள். வரலாற்றுப் பாடத்தில் பெரும்பாலும் இதோடு மணி அடித்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு வந்த எட்டு மாதங்கள்தான் முக்கியம்.

ஏனென்றால் பள்ளி என்பது வகுப்பறை மட்டும் இல்லையே. பேண்டு வாத்தியம், பாட்டுக் குழு, ஃபுட்பால் அணி, மன்றங்கள், கேண்டீன் மேசையில் யார் பக்கத்தில் யார் என்கிற கணக்கு, இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பிள்ளைக்குப் பள்ளி. உங்கள் ஒன்பது பேருக்கும் அதில் எதுவும் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எர்னஸ்ட் கிரீன் பழைய பள்ளியில் பேண்டில் சாக்ஸபோன் வாசித்தவர். சென்ட்ரலில் அந்த வாத்தியத்துக்கு வேலை இல்லை. மின்னிஜீன் பிரவுன் பாட ஆசைப்பட்டார், மேடை தரவில்லை. கேண்டீனில் வம்பு செய்து வழிமறித்த பையன்கள் மேல் அவர் தட்டிலிருந்த சில்லிக் குழம்பு கொட்டியதற்கு இடைநீக்கம், பிறகு 1958 பிப்ரவரியில் பள்ளியை விட்டே நீக்கம். மாடிப்படியில் தள்ளியவர்களுக்கும் லாக்கரை உடைத்தவர்களுக்கும் அப்படி ஒரு வேகத்தில் தண்டனை வந்ததாக நான் படித்ததில்லை. இதை ஓர் ஆசிரியையாக வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த வருடத்தில் பேச்சுக்கலை வகுப்பில் இரண்டு வெள்ளை மாணவர்கள் தினமும் உங்களிடம் பேசினார்கள் என்று நீங்கள் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் பேசிக்கொள்கிற சாதாரணப் பேச்சு. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் படித்த பள்ளியில் அந்த இருவரின் பேச்சு அறுபது வருடம் கழித்தும் உங்களுக்கு நினைவிருக்கிறது. என் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை வரும்போது நான் முதலில் பார்ப்பது, யார் அதனிடம் பேசப் போகிறார்கள் என்பதைத்தான். இது உங்களிடமிருந்து கற்றது.

1958 மே மாதம் எர்னஸ்ட் கிரீன் பட்டம் வாங்கினார். பார்வையாளர் வரிசையில் மார்ட்டின் லூதர் கிங் உட்கார்ந்திருந்தார். எர்னஸ்டின் பெயரைக் கூப்பிட்டபோது மட்டும் கைதட்டல் நின்றுபோனது.

அப்புறம் நடந்ததை வெளியில் பலர் அறியவில்லை. இனங்களைச் சேர்த்துப் படிக்க வைப்பதைவிடப் பள்ளியையே மூடிவிடலாம் என்று ஃபாபஸ் முடிவெடுத்து, ஊரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் 1958-59 முழுக்க மூடினார். 3,600-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெளியே. வெள்ளைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேறு பள்ளி தேடிக்கொண்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் தினமும் வந்து காலி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஃபுட்பால் ஆட்டங்கள் நடந்தன! பாடம் இல்லாத பள்ளியின் பெயரில் அணி மட்டும் மைதானத்தில் இறங்கியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வரிசையாகக் காலி டெஸ்க்குகள், துடைத்து வைத்த கரும்பலகை, மேசையில் ஓர் ஆசிரியர். அவர் வருகைப்பதிவில் எதை எழுதியிருப்பார்?

அதே ஊர்தான் பள்ளியை மீட்கவும் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். அடோல்ஃபின் டெரி உள்ளிட்ட பெண்கள் பள்ளிகளைத் திறக்கக் கோரி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1959 மே மாதம் இனப்பிரிவினைக்கு ஆதரவான பள்ளி வாரிய உறுப்பினர்கள் 44 ஆசிரியர்களையும் அலுவலர்களையும் வேலையை விட்டு நீக்கியபோது, சும்மா இருந்த பெற்றோர்களும் கிளம்பினார்கள். அந்த மாதமே வாக்கெடுப்பு வைத்து அந்த உறுப்பினர்களைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். தங்கள் பிள்ளைகளின் வாத்தியார் மேல் கை வைத்த பிறகுதான் பலருக்குக் கோபம் வந்தது என்பது எனக்கு வருத்தம்தான். வந்ததே, அந்த மட்டும் நல்லது.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. நீங்கள் அங்கே திரும்பவில்லை. உங்கள் ஒன்பது பேரில் ஜெஃபர்சன் தாமஸும் கார்லோட்டா வால்ஸும் திரும்பினார்கள். 1960 பிப்ரவரியில் கார்லோட்டாவின் வீட்டில் குண்டு வெடித்தது. மறுநாளும் அவர் பள்ளிக்குப் போனார்.

இன்று சென்ட்ரல் ஹை தேசிய வரலாற்றுத் தலம். ஆனாலும் தினமும் மணி அடித்துப் பாடம் நடக்கிற பள்ளி. அங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, 'உங்களை எங்காவது ஒதுக்கினார்களா? நீங்கள் யாரையாவது ஒதுக்கினீர்களா?' என்கிற மாதிரி கேட்டு எழுதி வருகிறார்களாம். அந்த நினைவுத் திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள்தான் நீங்கள் உட்கார்ந்த அதே தெருமுனையில் அந்தப் பழைய பெஞ்சைப் போலவே ஒன்றைத் திரும்பச் செய்து வைத்தார்கள். அதைத் திறந்த நாள் 2018 செப்டம்பர் 4.

நான் எழுத வந்தது இதற்காகத்தான், அம்மா. சிலைக்கோ பெயர்ப்பலகைக்கோ யாரிடமாவது காசு கேட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகள் பழைய படங்களைப் பார்த்து, பலகையின் நீளம் என்ன, சாய்மானம் எவ்வளவு என்று யோசித்து ஒரு பெஞ்சைச் செய்தார்கள். உங்களை உள்ளே விடாத அதே பள்ளியின் பிள்ளைகள். அதில் இரண்டு பேர், நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர் உட்காரலாம்.

அன்புடன்,
ஒரு பள்ளி ஆசிரியை