‘பால் பத்தலை’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் பிறந்து இன்றோடு 47 நாள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஆரம்பித்துவிடுவாள். மார்பில் வைத்தால் நாலு வாய் குடிப்பாள், உடனே விட்டுவிட்டு முகம் சிவக்க, உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிடுவாள், மறுபடி வாய் வைப்பாள், மறுபடி அழுவாள், இப்படியே பத்து மணி வரை. இரண்டாவது வாரத்தில் இது தொடங்கியபோது வீட்டுக்கு வந்த எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “பால் பத்தலை போலிருக்கு.” என் அத்தை அக்கறையோடுதான் சொன்னார், எதிர் வீட்டு அக்காவும் அப்படித்தான். ஆனால் சிசேரியன் தையல் வலியோடு தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும்? பாத்ரூமுக்குள் போய் அழுதிருக்கிறேன்.

பிரசவம் நடந்த மருத்துவமனையிலும் நாங்கள் கேட்காமலேயே டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு பால் பவுடர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். பால் பவுடரை விளம்பரம் செய்யவோ தாய்மாருக்கு இலவச மாதிரி டப்பா கொடுக்கவோ கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. பவுடர் பெயர் எழுத நேரம் இருந்தவர்களுக்குப் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று காட்டப் பத்து நிமிடம் இல்லை.

கடைசியில் காட்டியது எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய செவிலியர் அக்கா. நான் பால் கொடுப்பதை முழுசாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். “இப்படிக் கத்துற பிள்ளை வாயில திணிக்காதம்மா, அழும்போது நாக்கு மேலே தூக்கியிருக்கும், பிடிக்க வராது. முதல்ல அமர்த்து” என்றார். பிள்ளையின் சட்டையைக் கழற்றி, வெறும் உடம்பு என் நெஞ்சில் படும்படி நிமிர்த்திப் போட்டு, மேலே பழைய வேட்டித் துணியைப் போர்த்தி, ஃபேனைக் குறைத்து, விளக்கை அணைத்துவிட்டு மெதுவாக நடக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விசும்பல் அடங்கி, கையைச் சப்ப ஆரம்பித்தாள். அதுதான் பசிக்கு அடையாளம், அழுகை வரை விட்டால் தாமதம் என்றார். அப்புறம், கொட்டாவி விடுகிற அளவுக்கு அவள் வாய் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி, மோவாய் மார்பில் படும்படி வைக்க வைத்தார். பால் வேகமாக வந்து புரையேறினால் நான் பின்னால் நன்றாகச் சாய்ந்துகொள்ள வேண்டும், வரத்து குறைந்து அவள் சிணுங்கினால் மார்பை லேசாக அழுத்திவிட வேண்டும், நடுவில் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க வேண்டும். இவ்வளவுதான்.

சாயங்காலம் திரும்பத் திரும்பப் பால் கேட்பது நிறையப் பிள்ளைகளுக்கு உள்ளதுதான், குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அழுகை ஆறாவது வாரம் வரை கூடி, மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடுமாம். பால் போதுகிறதா என்பதை மூத்திரத் துணியும் தராசும் சொல்லும்: முதல் வாரம் கடந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி அதற்கு மேல் ஏற வேண்டும். 2.8 கிலோவில் பிறந்த என் மகள் முப்பதாம் நாள் 3.5 கிலோ.

சிலருக்கு நிஜமாகவே பவுடர் தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் நாக்கில் வைக்காதீர்கள், கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம். காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வாந்தி பச்சையாக வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

2015-லேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் நம்முடையது. இங்கே நடக்கும் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன், எழுந்து உட்காரவே சிரமப்படுகிற தாய்மார்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு செவிலியர் ஒரு வேளையாவது கூடவே உட்கார்ந்து பால் கொடுக்கக் காட்ட வேண்டும் என்று சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். அப்போது பிள்ளையின் அப்பாவையும் பாட்டிகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தாயோடு வீட்டில் இருக்கப் போவது அவர்கள்தான்.

– ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை