கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து சாந்திக்கு

அன்பின் சாந்தி,

சுகம்தானே? முழங்கால் எப்படி? மணியிடம் கொடுத்துவிட்ட பனாட்டு கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம்.

எழுத வந்த விஷயம் வேறு. எங்கள் கிராம சேவகர் பிரிவு முதியோர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதே, அன்றைக்கு வகுப்பில் மொனிட்டர் வேலையை என்னிடமிருந்து பறித்தவள் நீதான்! சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது. ஆனால் இவ்வளவு பிரயோசனமான வேலையை நான் ஓய்வு பெற்ற பிறகு செய்ததில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தோடு முதியோர் தேசிய சபை வந்தது உனக்குத் தெரியும். அதற்குக் கீழேதான் கிராம மட்டத்திலிருந்து மாவட்டம் வரைக்கும் இந்தச் சங்கங்கள். பல இடங்களில் ஒக்டோபர் 1ஆம் திகதி முதியோர் தினத்துக்கு ஒரு தேநீர் விருந்தோடு முடிந்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது வயதானவர்களுக்குப் பெரிய குழப்பம். காலி வீதியில் பாதசாரிக் கடவைக் கோடு அழிந்துபோனால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் வடிகால் மூடி உடைந்திருந்தால் மாநகர சபை. முதியோர் அடையாள அட்டைக்குப் பிரதேச செயலகம். ஒரு அலுவலகத்தில் எனக்கே சிங்களப் படிவத்தை மட்டும் நீட்டினார்கள், தமிழில் கேட்டு வாங்க ஒரு மத்தியானம் போய்விட்டது. தனியாகப் போகிற எண்பது வயது மனுசி அப்படிக் கேட்பாளா? பேசாமல் திரும்பிவிடுவாள். அதனால் நாங்கள் ஒவ்வொரு முறைப்பாட்டையும் எழுதி, இடத்தைக் குறித்து, உரிய இடத்துக்கு அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்கிறோம். மாதக் கூட்டத்தில் அலுவலர்களிடம் அதைப் பற்றியே கேட்கிறோம். மாநகர சபை உறுப்பினர் எங்கள் பேச்சுக்குச் செவிசாய்த்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் கையில் கடிதமும் திகதியும் இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோருக்கு உகந்த நகரங்கள் பற்றி வழிகாட்டி போட்டபோது, 33 நகரங்களில் வயதானவர்களையே முதலில் கேட்டது. நடைபாதை எங்கே உயர்கிறது, எந்த பஸ்ஸில் ஏறமுடியாது என்று அலுவலகத்தில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அந்த வழியால் நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது, சாந்தி. கூட்டத்துக்கு வருகிறவர்கள் நடக்கக்கூடியவர்கள். லிப்ட் இல்லாத மாடிக் கட்டடங்களில், பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்களே, அவர்களின் குரல் எங்கள் புத்தகத்தில் இல்லை. எங்கள் ரதி அக்கா இருக்கிற மாடியை நினைத்துப் பார். இறங்கி வரமுடியாதவர்களைக் கணக்கெடுத்து, அவர்களின் முறைப்பாட்டை எழுதிக் கையெழுத்து வாங்க ஆள் வீட்டுக்கே போகவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சங்கத்தில் சிலர் அது எங்கள் வேலையில்லை என்கிறார்கள். நான் விடப்போவதில்லை.

உங்கள் நல்லூரில் எப்படி? உங்கள் பிரிவில் சங்கம் இயங்குகிறதா, செயலாளர் யார், கூட்டக் குறிப்பு எழுதுகிறார்களா என்று விசாரித்து எழுது. இல்லையென்றால் நீயே போய் உட்கார். கணக்கு மிஸ்ஸையே வாய் மூட வைத்தவளுக்கு இது பெரிய வேலையா? எங்கள் படிவ மாதிரியை மணியிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தி