நீளம் மட்டும்தான் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் உலகின் மிகப் பெரிய பாக்டீரியா பற்றி வந்த துணுக்கைப் படித்தேன். தியோமார்கரிட்டா மேக்னிஃபிகாவைப் பற்றித் தமிழில் வந்ததே சந்தோஷம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண்ணிமை முடி அளவு நீளம், வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், மற்ற பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் இது எவரெஸ்ட் உயர மனிதன் மாதிரி, அவ்வளவுதான், துணுக்கு முடிந்துவிட்டது. (அந்த எவரெஸ்ட் உவமை ஆய்வாளரே சொன்னதுதான். 2022-இல் சொன்னார், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.) அதன் மரபணுத்தொகுதியை, அதாவது மொத்த டிஎன்ஏவை, வரிசைப்படுத்திப் பார்த்ததில் என்ன தெரிய வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் செய்தியே அங்கேதான் இருக்கிறது.

முதலில், இது பாக்டீரியா என்று தெரிந்ததே மரபணுவைப் படித்ததால்தான். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில், தண்ணீரில் விழுந்து மட்கிக் கிடந்த இலைகளின் மேல் வெள்ளை நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததை 2009-இல் எடுத்தவர் ஒலிவியே குரோ என்ற கடல் உயிரியலாளர். பாக்டீரியாவாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்றைப் பார்த்தால் யாருக்குத்தான் தோன்றும்? குரோவின் பல்கலைக்கழகத்தையே சேர்ந்த சில்வினா கோன்சாலஸ்-ரிஸோ, உயிர்களின் உறவுமுறையைக் கண்டுபிடிக்க உதவும் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்த பிறகுதான், இது 1999-இல் நமீபியா கடலடிச் சேற்றிலிருந்து அறிவிக்கப்பட்ட தியோமார்கரிட்டா நமீபியன்சிஸ் என்ற பாக்டீரியாவின் உறவுக்காரன் என்று தெரிந்தது. அதுவே முக்கால் மில்லிமீட்டர் வரை வளர்ந்து அதுவரை சாதனையாளராக இருந்த இனம்.

இவற்றின் பிழைப்பு கந்தகத்தில் நடக்கிறது. அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வருமே, பிச்சாவரம் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் சாப்பாடு. அதை ஆக்ஸிஜனேற்றிக் கிடைக்கும் சக்தியில் கரியமில வாயுவைத் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது, அதற்கு வெயில் தேவையில்லை. இப்படியும் ஓர் உயிர் வாழலாம் என்று 1880-களிலேயே வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியலாளர் பெக்கியடோவா என்ற இன்னொரு கந்தக பாக்டீரியாவை வைத்துச் சொல்லிவிட்டார். ஆகவே கந்தகத்துக்கான மரபணுக்கள் இதில் இருந்தது ஆச்சரியமில்லை. மற்றவைதான் ஆச்சரியம்.

இதை ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. (அதனால்தான் அறிவியல் பெயருக்கு முன்னால் ‘கேண்டிடேட்டஸ்’ என்று போடுகிறார்கள்.) அலையாத்திக் காட்டிலிருந்து வந்த ஒற்றைச் செல்களைத் தனித்தனியாக எடுத்து, டிஎன்ஏவைப் பெருக்கி, ஐந்து செல்களின் மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். சுமார் 1.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள், 11,000-க்கும் மேல் மரபணுக்கள். நம் குடலில் இருக்கும் ஈ.கோலைக்கு ஏறக்குறைய 46 லட்சம் எழுத்துகள், 4,000 சொச்சம் மரபணுக்கள் என்றால் வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் பல மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்பதே இன்னும் பிடிபடவில்லை.

அப்புறம் நகல் கணக்கு. நம் உடம்பில் சாதாரணமாக ஒரு செல்லுக்கு மரபணுத்தொகுதி இரண்டு பிரதி. இதில் மில்லிமீட்டருக்கு 36,000-க்கும் மேல். 2 சென்டிமீட்டர் வளர்ந்த ஒரே செல்லில் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. அவையும் பாக்டீரியாவின் வழக்கப்படி செல்லுக்குள் சும்மா மிதக்கவில்லை, சவ்வு போர்த்திய குட்டிக் குட்டிப் பைகளுக்குள், புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களோடு சேர்ந்து இருக்கின்றன. அந்தப் பைகளுக்குப் பெப்பின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘பாக்டீரியாவில் டிஎன்ஏவைச் சுற்றிச் சவ்வு கிடையாது’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரி இருக்கிறதே, அதற்கே வந்த சிக்கல் இது. இதை விட்டுவிட்டு இமை முடியைப் பிடித்துக்கொண்டால் எப்படி?

இவ்வளவு நீளம் எப்படி வந்தது என்பதற்கும் மரபணுத்தொகுதியில் ஒரு தடயம் கிடைத்தது. செல் இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய முக்கியமான மரபணுக்கள் சில இதில் காணோம். செல் நீளுவதற்கான மரபணுக்களில் சில இரட்டிப்பாகியிருக்கின்றன. அதாவது நீண்டுகொண்டே போகிறது, நடுவில் குறுக்குச் சுவர் எழுப்புவதில்லை, நுனியில் மட்டும் மொட்டு மாதிரி ஒரு துண்டு இறுகிக் கழன்று போய்ப் புதிய செல்லாகிறது. கூடவே, மரபணுத்தொகுதியில் சுமார் கால் பங்கு விதவிதமான வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக் கொத்துகள். இவ்வளவு பெரிய உடம்பின் மேல் வேறு பாக்டீரியா ஒட்டாமல் சுத்தமாக இருப்பதற்கு அந்த வேதிப்பொருள்கள் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து யாராவது ‘புதிய ஆன்டிபயாடிக் கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். மரபணு இருக்கிறது என்றால் அந்தச் சரக்கைத் தயாரிக்க வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம், தயாரித்ததை யாரும் பிடித்துக் காட்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

இடம் குறைவு என்பீர்கள், சரி. எவரெஸ்ட்டை எடுத்துவிட்டால் பெப்பினுக்கு நாலு வரி கிடைத்துவிடும். இன்னொன்று, இப்படித் துணுக்கு போடும்போது மூல ஆய்வு எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் தேடிப் படித்துக்கொள்வார்கள். இது வந்தது சயின்ஸ் இதழில், 2022 ஜூனில்.

இப்படிக்கு,
உயிரியல் படித்த ஒரு வாசகர், சிதம்பரம்