போனவர் எங்கே போனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தெருவில் கிடந்து, மனநலச் சிகிச்சைக்குப் பின் தேறிவந்த 5 பெண்களுடன் ஆவடி பக்கம் ஒரு வாடகை வீட்டில் 6 வருடமாகத் தங்கி வேலை பார்க்கிறேன். வீடற்றோர் காப்பகங்களைப் பற்றி யார் பேசினாலும் கட்டில் எத்தனை, நிரம்பியது எத்தனை என்றே பேசுகிறார்கள். அந்தக் கணக்கு போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாதாமாதம் நான் நிரப்பி அனுப்பும் படிவத்தில் மூன்றே கட்டம்: வந்தவர், இருப்பவர், குடும்பத்துடன் சேர்ந்தவர். போன வருடம் ஒரே மாதத்தில் இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் மகள் வீட்டில் இருக்கிறார், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருகிறார். இன்னொருவரை அவர் அண்ணன் வந்து அழைத்துப் போனார். மூன்றே வாரத்தில் அந்த அம்மாவை எழும்பூர் ரயில் நிலைய வாசலில் பார்த்தேன். மாத்திரை விட்டு நாளாகியிருந்தது. வாங்கம்மா போகலாம் என்றேன். "என் இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சாமே" என்றார். உண்மைதான், வந்தாகிவிட்டது. படிவத்தில் 'சேர்ந்தவர்: 2' என்று போட்டிருந்ததற்கு எங்களுக்குப் பாராட்டு வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்பது இங்குள்ள விதி. அவசியமான விதி, ஆனால் அது கட்டடத்தை எண்ணுகிறது. கனடாவில் 2009 முதல் 2013 வரை 5 நகரங்களில், மனநோயோடு வீடின்றி இருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் முதலில் வீடு, கூடவே உதவியாளர்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சேவை. எங்கே படுக்கிறார்கள் என்பதை ஆள் ஆளாக விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசி 6 மாதமும் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், மற்றதில் 31. ஆளைத் தேடிப் போனதால்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது.

இங்கே ஒரு அக்கா செருப்போடுதான் தூங்குவார். 12 வருடம் நடைபாதையில் படுத்தவர். கழற்றி வைத்தால் விடிவதற்குள் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். தினமும் விரிப்பில் மண் கிடக்கும், உதறிப் போடுவேன், ஒன்றும் சொன்னதில்லை. எட்டாவது மாதம் ஒரு காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால், வாசற்படியில் எல்லார் செருப்போடும் அவருடையதும் கிடந்தது. அப்படியே நின்றுவிட்டேன். அந்த மாதப் படிவத்திலும் அவர் 'இருப்பவர்' மட்டுமே.

வீட்டுச் சாவியும் பேங்க் புத்தகமும் யார் கையில் இருக்கின்றன என்று கேளுங்கள். எங்களைக் கேட்காதீர்கள், அந்தப் பெண்களையே கேளுங்கள். போனவர் இப்போது எங்கே தூங்குகிறார் என்று ஒரு கட்டம் சேருங்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருடம் முடிந்து ஒரு தடவை நானே போய்ப் பார்த்து எழுதுகிறேன். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தான். வெளியூர் டிக்கெட்டுக்குப் பணமும், மாதத்தில் இரண்டு நாளும் கொடுத்தால் போதும்.

– இல்லப் பணியாளர்,
ஆவடி